தயோனைல் குளோரைடு குழாயில் தண்ணீர் கலக்காமல் தடுக்கக் கோரி மூன்றாவது மனு

பெறுநர்: இணை இயக்குநர் அவர்கள், தொழிலகப் பாதுகாப்பு

ஐயா,

வணக்கம். தொழிற்பேட்டையில் தண்ணீர்த் தொட்டி வளைவுக்கு எதிரே உள்ள எங்கள் ஆலையைத் தாங்கள் அறிவீர்கள். பின்சுவரை ஒட்டி அங்கன்வாடி இருப்பதும் தங்களுக்குத் தெரியும். முன்பு கொடுத்த இரண்டு மனுக்களுக்கும் பதில் வராததால் இதைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

1. மூன்றாம் ரியாக்டருக்கு (வினைக்கலம்) மேல்தள டோசிங் டேங்கிலிருந்து (அளந்து இறக்கும் தொட்டி), தண்ணீர் பட்டால் நச்சு வாயு கக்கும் திரவமான தயோனைல் குளோரைடு இறங்குகிறது. பேட்ச் முடிந்து கழுவும் தண்ணீரும் அதே ஹெடரில் (பொதுக் குழாயில்) வருகிறது. இடையில் ஒரு பால் வால்வு, ஒரு என்.ஆர்.வி. (ஒருவழி வால்வு). அவ்வளவுதான்.

2. எங்களை உறங்கவிடாதது இதுதான். தயோனைலும் தண்ணீரும் சேர்ந்தால், 18 கிராம் தண்ணீருக்கு 64 கிராம் சல்பர் டையாக்சைடும் 73 கிராம் ஹைட்ரஜன் குளோரைடும் கிளம்பும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர் வாயு! ஓரங்குலக் குழாயில் இரண்டு மீட்டர் தண்ணீர் தேங்கினாலே ஒரு லிட்டர் ஆகிவிடும். என்.ஆர்.வி. இருக்கிறதே என்கிறார்கள். புதிதாக இருக்கும்போதே அது சொட்டுக்கூடக் கசியாமல் அடைக்கும் வால்வு அல்ல. ஈரம் பட்ட அமிலம் அதன் ஸ்பிரிங்கைத் தின்றபின் எதைத் தடுக்கும்? ரியாக்டரில் அழுத்தம் ஏறினால் உள்ளிருப்பது மேல் டேங்குக்கே திரும்பும். 1984இல் போபாலில் ஐசோசயனேட் தொட்டிக்குள் புகுந்ததும் தண்ணீர்தானே, ஐயா?

3. வாயு வெளியேறும் வென்ட் குழாய் வழியாக, அந்த வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பரின் காஸ்டிக் கரைசல் (அதிலும் தண்ணீர்தான்) ரியாக்டருக்குள் பின்னால் உறிஞ்சப்படலாம். அதை இடையில் பிடித்து வைக்கக் காலி டிராப் கலம் இல்லை.

4. ரியாக்டரைக் கலக்கும் அஜிடேட்டர் நின்றாலும் ஃபீட் (தயோனைல் இறங்குவது) நிற்பதில்லை. வினையாகாமல் சேர்ந்தது, மறுபடி சுற்றும்போது ஒரே மூச்சில் வினைபுரியும்.

நாங்கள் கேட்பது பெரிய செலவல்ல. தண்ணீருக்கும் தயோனைலுக்கும் தனித்தனிக் குழாய். அது முடியும்வரை, கழற்றி மாட்டும் ஒரே ஒரு ஸ்பூல் பீஸ் (இணைப்புக் குழாய்த் துண்டு): ஒன்றில் மாட்டினால் மற்றது தானாகத் திறந்து கிடக்கும், அதன் வாயில் பிளைண்ட் (மூடித் தகடு) போட வேண்டும். இரண்டு ஃபிளாஞ்சு, எட்டு போல்ட்டு, ஐயா! எட்டு போல்ட்டுக்கு மூன்று மனுவா? ஃபீட் தொடங்குமுன் உலர்ந்த நைட்ரஜன் ஊதி, குழாய் காய்ந்ததை உறுதிசெய்ய வேண்டும். அஜிடேட்டர் நின்றாலோ வெப்பமோ அழுத்தமோ எல்லை மீறினாலோ ஃபீட் வால்வு தானே மூட வேண்டும்.

தயவுசெய்து ஒருமுறை நேரில் வந்து அந்த ஹெடரைப் பாருங்கள். அதுவரை மூன்றாம் ரியாக்டரில் தயோனைல் ஏற்றுவதை நிறுத்தி உத்தரவிடுங்கள், ஐயா. அந்த ஹெடரைப் பிரித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் பிளாண்ட் ஆபரேட்டர்கள், மூன்று ஷிப்டும்