வயிறில்லாமல் ஒரு வருஷம்

கும்பகோணம்

அன்புள்ள ராமநாதா,

"இப்போது வயிறு நிறையச் சாப்பிடுகிறாயா?" என்று கேட்டு எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கமலாவுக்குக் கோபம். நிறைவதற்கு வயிறு ஏதடா? புற்றுநோய் என்று இரைப்பையை முழுசாக எடுத்துவிட்டு, சிறுகுடலை மேலே இழுத்து உணவுக்குழாயோடு தைத்துவிட்டார்கள்.

அந்தத் தையல்தான் ஆறாம் நாள் கசிந்தது. காலையில் லேசான காய்ச்சல், நாடி வேகமாக அடித்தது. வயிற்றுக்குள்ளிருந்து நீர் வடியப் பக்கவாட்டில் தொங்கவிட்டிருந்த பையில் அதுவரை தெளிவாக இருந்த நீர், கழுநீர் மாதிரி கலங்கியிருந்தது. முதலில் கண்டுபிடித்தவள் கமலாதான். ஸ்கேன் எடுத்தார்கள். நல்லவேளை, மறுபடி திறக்கவில்லை. ஆபரேஷனின்போதே குடலில் போட்டிருந்த மெல்லிய குழாய் வழியாக 22 நாள் ஆகாரம், சொட்டுச் சொட்டாக. வாயில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. பக்கத்துக் கட்டிலுக்கு இட்லி வரும்போதெல்லாம் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வேன். பிறகு சாய மருந்தைக் குடிக்கவைத்துப் படம் பிடித்து, கசிவு அடைபட்டதென்று தெரிந்ததும் ஒரு ஸ்பூன் இளநீர் கொடுத்தார்கள். அதே வாரம் ஆபரேஷனான இன்னொருவர் வீடு திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வேறு கதை. பொங்கலன்று ஆசைப்பட்டு மூன்று ஸ்பூன் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, சட்டை நனைய வியர்த்து, திண்ணையிலேயே சாய்ந்துவிட்டேன். இரைப்பை என்பது மதகு மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்துவிடும். மதகு போனபின் இனிப்பு மொத்தமும் குடலில் கொட்டுகிறது. ரத்தத்திலிருந்து நீரை அங்கே இழுக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தவணை: இன்சுலின் அதிகமாகச் சுரந்து, சர்க்கரை இறங்கி, கை நடுங்கியது. இதற்கு 'டம்பிங்' என்று பேராம். இப்போது ஒரு நாளைக்கு ஏழு வேளை, வேளைக்கு ஒரு கைப்பிடி. முட்டையும் பருப்பும் முதலில், சோறு கடைசியில். தண்ணீர் அரை மணி கழித்துத்தான். 72 கிலோ இருந்தவன் 56-ல் நிற்கிறேன்.

மாதம் ஒரு வைட்டமின் பி12 ஊசி, ஆயுசுக்கும். அதை உடம்பு உறிஞ்ச உதவும் பொருள் இரைப்பையில்தான் சுரந்ததாம். ஈரலில் சில வருஷத்துக்குக் கையிருப்பு இருப்பதால், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று பலர் ஊசியை விட்டுவிடுகிறார்களாம். அப்புறம் கால் மரத்துப்போகும்.

பிழைப்பேனா என்றுதானே சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறாய்? இரைப்பையோடு எடுத்த 27 நெறிக்கட்டிகளைப் பரிசோதித்ததில் இரண்டில் புற்று இருந்தது. ஆபரேஷனுக்கு முன் நாலு கீமோ, பின் நாலு என்பது கணக்கு. பின்னால் எனக்கு மூன்றுதான் தாங்கியது. எட்டையும் முடிப்பவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தானாம். நோய் திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள் வந்துவிடுமாம். 1881-ல் வியன்னாவில் பில்ரோத் என்ற டாக்டர் இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி, பிழைக்கவைத்த முதல் நோயாளி, 43 வயதுப் பெண், நாலு மாதம்போலத்தான் இருந்தாளாம். நான் ஒரு வருஷம் தாண்டிவிட்டேன், பார்த்தாயா!

அது கிடக்கட்டும். ஆறு மாதமாக கேஸ் மாத்திரை போடுகிறாய், இடுப்பில் வேட்டி நிற்கவில்லை என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறாயே, எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. நானும் எட்டு மாதம் அதே மாத்திரையைத்தான் விழுங்கினேன். வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி பத்து நிமிஷ வேலை. இந்த வாரமே போய்ப் பார்த்துவிட்டு எழுது. ஊருக்கு வரும்போது அல்வா வேண்டாம், வேர்க்கடலை வாங்கி வா.

அன்புடன்,
சேது