429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297: தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

எங்கள் பள்ளிக் கணித மன்றக் கண்காட்சியில் இந்த ஆண்டு ஒரே ஓர் எண்ணுக்குத்தான் இடம் கொடுத்தோம்: 4,29,49,67,297. ஓர் எண்ணை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் என்ன காட்டுவீர்கள் என்று கேட்டவர்களே பிறகு முன்வந்து உதவினார்கள்.

முதல் நன்றி, வகுத்தல் மேசையில் அமர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியருக்கு. 2³² உடன் ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது இந்த எண். 2இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டினால், இதே வரிசையில் முன்னால் நிற்கும் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும்; இந்த ஐந்தும் பகா எண்கள். இனி வருபவையும் அப்படித்தான் இருக்கும் என்று 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1729இல் கணித அறிஞர் கோல்ட்பாக் கடிதம் எழுதி இதை இன்னொரு கணித அறிஞரான ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1732இல் ஆய்லர், எங்கள் எண் 641ஆல் வகுபடும் என்று காட்டினார். இதன் பகாக் காரணி எதுவானாலும் 64ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும் என்பதும் அவர் நிறுவியதே. அந்த நிபந்தனைக்கு உட்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்ததே 641. பிள்ளைகள் கால்குலேட்டரைத் தொடவில்லை. மீதி 109, 2, 325, 288 என்று வந்துகொண்டே இருந்தது. 641இல் மீதி சுழியம், ஈவு 67,00,417 என்று எழுதியபோது கூடம் முழுவதும் கைதட்டியது.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஐயாவுக்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். நீள வகுத்தலே இல்லாமல் இதை நிறுவும் வழியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். 5 × 2⁷ என்பது 640; 641ஐவிட ஒன்று குறைவு. ஆகவே 641ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்க்கும் கணக்கில் அதை −1 என்றே கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × 2²⁸ என்பது 1 ஆகிறது. 625உடன் 16ஐக் கூட்டினாலும் அதே 641 என்பதால் 625க்குப் பதில் −16 போடலாம். அப்போது −16 × 2²⁸ என்பது 1; 16 × 2²⁸ என்பது 2³². எனவே 2³² இங்கே −1. ஒன்றைக் கூட்டினால் சுழியம். இவ்வளவு அழகான நிறுவலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

துண்டறிக்கையில் அடுக்குகள் கீழே இறங்கி 2³² என்பது 232 ஆகிவிட்டது. அச்சகத்தார் இரவோடு இரவாக மறுபடி அடித்துக் கொடுத்தார். கூடுதலாக ஒரு காசும் வாங்கவில்லை. ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை அண்ணன் 67,00,417ஐ 641ஆல் பெருக்கிச் சரிபார்த்துத் தாளின் அடியில் கையெழுத்தும் போட்டுத் தந்தார். பத்து இலக்கங்களையும் ஆளுயரத்துக்குத் துணியில் எழுதித் தந்த ஓவியருக்கும், நாற்காலிகள் தந்த நூலகத்தாருக்கும் எங்கள் நன்றி.

மிஞ்சிய துண்டறிக்கைகள் நூலக மேசையில் இருக்கின்றன. வேண்டிய பள்ளிகள் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
கணித மன்றப் பொறுப்பாசிரியர்