பீடியைப் பிடுங்கினால் மட்டும் போதுமா?

ஐயா,

மனநல மருத்துவமனைக்குள் புகைக்கக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. 2003 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ள விதிகளும் அதைத்தான் சொல்கின்றன, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். சரி. ஆனால் என் உறவினரை ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது காவலாளி பீடிக்கட்டை வாங்கி வைத்துக்கொண்டதோடு முடிந்தது. பல வருடமாகப் புகைத்தவர் இனி என்ன செய்வார் என்று ஒருவரும் கேட்கவில்லை, புகைக்கும் ஏக்கத்தைத் தணிக்கும் ஒரு நிகோடின் சூயிங்கம்கூடத் தரவில்லை. மறுநாள் புகை கிடைக்காமல் அவர் கை நடுங்க எரிந்து விழுந்ததை, நோய் முற்றிவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். (அதே பீடியை வார்டு ஊழியர் ஒருவர் 'மாத்திரை போட்டால் தருவேன்' என்று காட்டியது தனிக்கதை.)

இன்னொன்று. பீடிப் புகையில் உள்ள ரசாயனங்கள் குளோசபின், ஒலான்சபின் போன்ற மனநோய் மருந்துகளைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கின்றன, அதனால் புகையைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும், குளோசபின் என்றால் வலிப்புகூட வரலாம். வீட்டுக்குப் போய் மறுபடி பற்றவைத்தாலோ மருந்து போதாமல் நோய் திரும்பும். சேர்க்கும்போதும் அனுப்பும்போதும் 'தினம் எத்தனை பீடி?' என்று கேட்டுச் சீட்டில் எழுதுவதைச் சுகாதாரத் துறை கட்டாயமாக்கலாமே, இதற்கு என்ன பெரிய செலவு?

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை