நீலகிரியில் எதிரித் தரப்புக்கு ஆஜராகும் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சீனியர்களுக்கும் ஜூனியர்களுக்கும் வணக்கம்.

இருபது வருடத்துக்கு மேலாக இந்த மலையில் கிரிமினல் பக்கம்தான் என் பிழைப்பு. போக்சோ வழக்குகளில், அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில், எதிரிக்காக (குற்றம் சாட்டப்பட்டவருக்காக) நிற்கிறவன். "அந்த மாதிரி ஆளுக்கா வக்காலத்து?" என்று சொந்தக்காரர்களே கேட்பது உங்களுக்கும் பழகியிருக்கும். அதற்கு இங்கே பதில் சொல்லப்போவதில்லை. யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டால் அது செல்லாது என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; அதுவும் மலைக்குக் கீழே கோவையில் கிளம்பிய வழக்கில். நான் எழுத வந்தது, சாட்சி சொல்ல வரும் பழங்குடிக் குழந்தை பேசும் மொழியைப் பற்றி.

அடையாளம் தெரியக் கூடாது என்பதால் ஊர், வருடம், எந்தக் குடி என்று எதையும் சொல்லமாட்டேன். மூடிய அறை. திரைக்கு அந்தப் பக்கம் என் கட்சிக்காரர். போக்சோவில் நாம் குழந்தையிடம் நேரே கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுத்தால் அவர்தான் கேட்பார். நான் கொடுத்த கேள்வி, "எங்கே தொட்டார்?" சிறுமி சொன்னாள், "தேயிலைக் காட்டில்." வீட்டில் தமிழே பேசுகிற பிள்ளையும் அப்படித்தான் சொல்லியிருக்கும், கேள்வியின் லட்சணம் அப்படி. நீதிபதி மாற்றிக் கேட்டார். அதற்குள் அவள் தன் மொழிக்குப் போய்விட்டாள். இடது தோளில் கைவைத்து, அங்கிருந்து கீழே இறக்கி, நான்கைந்து வாக்கியம் பேசினாள். "கொஞ்சம் புரியும்" என்று கூட்டிவந்து நிறுத்தியிருந்தவர் திரும்பிச் சொன்னது ஒரே வரி: "ஞாபகம் இல்லைங்களாம் ஐயா." அப்படியே டைப் ஆனது.

ஞாபகம் இல்லாதவள் எதற்குத் தோளைக் காட்டுவாள்? எனக்குத் தெரியும். ஆனாலும் கிராஸ் (குறுக்கு விசாரணை) முடிந்தது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் இன்னொரு வழக்கு. சிறுமிக்கு 12 வயது தாண்டியிருந்தது. மொழிபெயர்த்தவர் அவள் உறவினர். அவள் இரண்டே சொல் சொன்னாள்; அவர், "அடிக்கடி செய்வாராம்" என்றார். திரைக்குப் பின்னால் என் கட்சிக்காரர் துடித்துப்போனார். அவருக்கும் அதுதான் தாய்மொழி. "அது அப்படிச் சொல்லலை சார்" என்று என் கோட்டைப் பிடித்து இழுத்தார். ஒரு தடவை என்றால் பிரிவு 8, மூன்றிலிருந்து ஐந்து வருடம். அடிக்கடி என்றால் பிரிவு 10, ஐந்திலிருந்து ஏழு. குதித்து எழுந்து ஆட்சேபித்தேன். சாதகமானபோது ஊமை, பாதகமானபோது சிங்கம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

சட்டத்தில் குறை இல்லை. பிரிவு 38 மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ள வழி செய்கிறது. 2020 விதிகளின்படி பட்டியல் வைத்திருக்க வேண்டியது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. கட்டணத்தையும் அரசு நிதியிலிருந்தே கொடுக்க வேண்டும். பட்டம் எதுவும் தேவையில்லை. தாய்மொழியாக இருந்தாலும் போதும், அங்கே குடியிருந்து கற்றுக்கொண்டிருந்தாலும் போதும். கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும், நடுநிலையாக இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. உறவினரைக் கொண்டுவந்து நிறுத்துவது அதோடு எப்படி ஒத்துப்போகும்?

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பது பி.பி. (அரசு வழக்கறிஞர்) வேலை என்று நாம் விட்டுவிடுகிறோம். வழக்கு ஆவண நகல்கள் கைக்கு வந்த முதல் வாய்தாவிலேயே நாமே ஒரு மெமோ போடலாம். சாட்சி வந்து நின்ற பிறகு ஆள் தேடினால் வாய்தா தள்ளும். பந்தலூர்ப் பக்கத்துப் பிள்ளை விடிவதற்கு முன் பஸ் ஏறி ஊட்டிக்கு வந்து, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போகும். அந்தப் பயணத்தை இரண்டாவது தடவை யார் செய்யச் சொல்வது?

இப்படி மெமோ போடுவது கட்சிக்காரருக்குத் துரோகமா என்று ஒரு ஜூனியர் கேட்டார். நல்ல கேள்வி. பிரிவு 29-இல் எதிரி குற்றம் செய்தார் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். அதை உடைக்க நம்மிடம் இருப்பது சாட்சியின் சொற்கள் மட்டும்தான். மேல்முறையீட்டில் சென்னையில் படிப்பது டைப் ஆன தாளை. அந்த "அடிக்கடி" அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் யாரைக் கூப்பிட்டுத் திருத்துவீர்கள்? இது சாட்சிக்கு மட்டுமான பிரச்சினையும் இல்லை. எது கேட்டாலும் தலையாட்டுகிற எதிரியை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். ஜார்க்கண்டிலிருந்து வந்து தேயிலை பறிக்கிறவர்களும் இப்போது கூண்டில் நிற்கிறார்கள்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு குடிகள் இங்கே. பணியர் மொழிக்கு அங்கன்வாடியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா மொழிபெயர்க்க வருகிறேன் என்றிருக்கிறார். பஸ் காசையும் ஒரு நாள் கூலியையும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும் என்றார், நியாயம்தான். இருளருக்கு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். காட்டுநாயக்கர் மொழிக்கு எனக்கு இதுவரை ஆள் கிடைக்கவில்லை. உங்களுக்கு யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். பெயர்களைச் சேர்த்து அலகுக்கு எழுதிக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்