யானோமாமி ஊருக்குப் போகும் என் மகளுக்கு

கயல்,

அமேசான் காட்டு யானோமாமி பழங்குடிகளின் ஊருக்குள் ஆராய்ச்சிக்குப் போக, பிரேசிலின் ரொரைமாவில் அனுமதிக்காகக் காத்திருக்கிறாய் என்று அப்பா சொன்னார். போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. நீ அனுப்பியதையெல்லாம் படித்தேன், அதில் நெப்போலியன் சாக்னான் என்ற அமெரிக்க மானுடவியலாளர் கதை மட்டும் மண்டையை விட்டு இறங்கவே இல்லை.

1964-இல் வெனிசுவேலா காட்டுக்குள் போனவர், யாருக்கு யார் என்ன உறவு என்று வம்சாவளி எழுத உட்கார்ந்திருக்கிறார். யானோமாமிகளோ செத்தவர் பெயரை வாயால் சொல்லாதவர்கள். இவர் விடாமல் நச்சரிக்க, ஊர்த் தலைவர் மனைவி முதல் எல்லோருக்கும் அசிங்க அசிங்கமான வார்த்தைகளைப் பெயரென்று சொல்லி எழுத வைத்து, மாதக்கணக்கில் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். வேறொரு ஊரில் போய் அந்தப் பெயரைச் சொன்ன பிறகுதான் குட்டு உடைந்தது! விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் மனிதர் அதோடு விடவில்லை, யாருக்கு யாரோடு பகை என்று பார்த்து, பகையாளியிடம் போய்ச் செத்தவர் பெயரைக் கேட்டு வாங்கியிருக்கிறார். கெட்டிக்காரர்தான். எனக்குப் பிடிக்கவில்லை.

அதைவிட உறுத்தியது ரத்தம். காலம் முழுக்க லேபில் ரத்தம் எடுத்தவள் இல்லையா நான். 1960-களின் கடைசியில் ஜேம்ஸ் நீல் என்ற மரபியல் விஞ்ஞானியோடு சாக்னான் சேர்ந்து, கத்தி, பானை என்று கொடுத்து ஊர் ஊராக எடுத்த ரத்தம் அமெரிக்கப் பல்கலைக்கழக ஃப்ரீசர்களில் பல பத்தாண்டுகள் கிடந்திருக்கிறது. அங்கே ஒருவர் செத்தால் உடலை எரித்து, எலும்பைப் பொடித்து, அந்தச் சாம்பலை வாழைப்பழக் கஞ்சியில் கலந்து உறவினர் குடிக்கிற வழக்கம் உண்டு; அவர் புழங்கிய பொருளைக்கூட அழித்துவிடுவார்கள், ஒன்றும் மிஞ்சக் கூடாது. அப்படிப்பட்டவர்களின் அப்பா, அம்மா ரத்தம் எங்கேயோ குப்பியில்! எங்கள் லேபில் சாம்பிளைக் கழித்துக்கட்டவும் ஒரு தேதி உண்டு, ரிஜிஸ்டரில் கையெழுத்தும் உண்டு. டாவி கோபெனாவா போன்ற யானோமாமித் தலைவர்கள் விடாமல் கேட்ட பிறகு, 2015-இல்தான் 2,693 குப்பிகள் பிரேசிலுக்குத் திரும்பின. மண்ணில் புதைத்தார்கள்.

தட்டம்மையை நீல், சாக்னான் குழுதான் பரப்பியது என்று 2000-இல் ஒரு பழி வந்ததே, அது உண்மையில்லை என்று தெரிந்துவிட்டது. அதை நீயும் தூக்கிக்கொண்டு திரியாதே.

சரி, ஒன்று செய். நீ எடுக்கிற போட்டோ, ஒலிப்பதிவு எல்லாம் யாரிடம் இருக்கும், அதில் இருப்பவர் இறந்தால் என்ன செய்வது, திருப்பிக் கேட்டால் யார் கொடுப்பது என்று முதலிலேயே ஊர்ப் பெரியவர்களோடு பேசி எழுதி வைத்துக்கொள். உன் புரொபசர் பிறகு பார்க்கலாம் என்றால் விடாதே. அப்புறம், லேசாக மூக்கு ஒழுகினாலும் உள்ளே போகாதே. டிக்கெட் பணம் போனால் போகட்டும், அப்பா அனுப்புவார்.

அம்மா