கிடங்கு வாசலில் காத்திருக்கும் ஓட்டுநருக்கும் கூலி கொடுங்கள்

லாஸ் ஏஞ்சலஸ் – சிகாகோ தடத்தில் சரக்கு அனுப்புவோருக்கும், பெறுவோருக்கும், கிடங்கு நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். சிகாகோவின் தென்மேற்குப் புறநகர் ஒன்றில் இருந்துகொண்டு, சொந்த லாரி ஓட்டுபவர்களுக்கு லோடு பேசிக் கொடுப்பது என் தொழில். கலிபோர்னியாவில் ஏற்றி இல்லினாயில் இறக்கும் சரக்குகளே பெரும்பாலும் என் கைக்கு வரும். இந்த மடலைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. பெரிய சில்லறை நிறுவனங்களின் போக்குவரத்துப் பிரிவுகளில், கிடங்குகளுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருளை எழுதும் அலுவலகங்களில், மளிகைச் சரக்கை மொத்தமாக வரவழைத்து விற்கும் கடைகளில் எனத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இந்தத் தொழிலின் பல மேசைகளில் இருக்கிறீர்கள். லாரி உங்கள் திரையில் ஒரு வரியாகத் தெரிகிறது. அந்த வரிக்குள் இருக்கும் மனிதரைப் பற்றி உங்களிடம் நேராகச் சொல்ல விரும்புகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வாசலில் அவர் காத்திருக்கும் நேரத்துக்கு, அவரைக் கெஞ்ச வைக்காமல், கூலி கொடுங்கள்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சிகாகோ ஏறத்தாழ 2,000 மைல். துறைமுகங்களில் இறங்கிய சரக்கு, லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே உள்ள ஃபாண்டானா, ஒன்டாரியோ ஊர்களின் பக்கத்துக் கிடங்குகளுக்கு வந்து, அங்கே 53 அடி டிரெய்லர்களில் ஏறுகிறது. கஹோன் கணவாயில் மூச்சுவாங்க ஏறி, பார்ஸ்டோவில் 40ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் நீடில்ஸ், கிங்மன், ஃபிளாக்ஸ்டாஃப், அல்புகர்க்கி, அமரில்லோ, ஒக்லஹோமா சிட்டி என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். பிறகு 44இல் செயின்ட் லூயிஸ், அங்கிருந்து 55இல் ஜோலியட் வழியாகச் சிகாகோ. பாலைவன வெயிலில் புறப்பட்ட வண்டி, குளிர்காலமானால் அதே நாளில் 7,000 அடி உயரத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் பனியில் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டு நிற்க நேரலாம். சரக்கோடு சேர்த்து வண்டியின் எடை 80,000 பவுண்டு வரை இருக்கும்.

இந்தத் தூரத்தைத் தனி ஆளாக ஓட்டுபவர் எவ்வளவு வேகமாக முடிக்கலாம் என்பதைச் சாலை மட்டும் தீர்மானிப்பதில்லை; கடிகாரமும் தீர்மானிக்கிறது. தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு அவர் 11 மணி நேரம் வண்டி ஓட்டலாம். ஆனால் அந்த 11 மணி நேரமும், அன்றைய வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். 8 மணி நேரம் ஓட்டியபின் அரை மணி நேர இடைவெளி கட்டாயம். 8 நாட்களில் மொத்தம் 70 மணி நேர வேலைக்கு மேல் ஆகிவிட்டால் வண்டியை எடுக்கக் கூடாது. 2017 டிசம்பரிலிருந்து இதையெல்லாம் எஞ்சினோடு இணைந்த மின்னணுக் கருவி பதிவு செய்கிறது. முன்பு காகிதத்தில் எழுதியபோது இருந்த நெளிவு சுளிவு இப்போது இல்லை. அது நல்லதே, களைத்த ஓட்டுநர் சாலையில் இருப்பதை யாரும் விரும்பவில்லை. ஆனால் அந்த 14 மணி நேரக் கடிகாரம் உங்கள் கிடங்கு வாசலிலும் நிற்காமல் ஓடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். காலை 6 மணிக்கு வேலையைத் தொடங்கிய ஓட்டுநருக்கு ஃபாண்டானாவில் 7 மணிக்கு லோடு ஏற்ற நேரம் கொடுத்திருக்கிறீர்கள். 9 மணிக்கு அவரை அனுப்பிவிட்டால், இரவு 8 மணிக்குக் கடிகாரம் முடிவதற்குள் அவர் அரிசோனாவின் கிழக்கு ஓரத்தைத் தொட்டுவிடுவார். மதியம் 2 மணிக்கு அனுப்பினால் கிங்மனைத் தாண்டுவதே பெரும்பாடு. ஏறத்தாழ 300 மைல் ஓட்டம் கைவிட்டுப் போயிற்று. மைலுக்கு 60 சென்ட் கூலி என்று வைத்துக்கொண்டால் அன்று மட்டும் 180 டாலர் அவர் பையிலிருந்து போகிறது. நான்காம் நாள் மதியம் சிகாகோவில் இறக்க வேண்டிய சரக்கு ஐந்தாம் நாளுக்குத் தள்ளிப்போகிறது. அங்கே இருக்கும் கிடங்கு, தாமதமாக வந்தார் என்று அபராதம் போடுகிறது, அல்லது இரண்டு நாள் கழித்து வேறு நேரம் கொடுக்கிறது. திரும்பும் லோடு கைநழுவுகிறது. ஒரு வாசலில் தவறிய ஐந்து மணி நேரம் ஒரு வாரத்தையே குலைத்துவிடுகிறது.

என் ஓட்டுநர் ஒருவருக்கு நடந்ததையும் சொல்கிறேன். பஞ்சாப்காரர், ஐம்பதைக் கடந்தவர், லாரியே வீடு என்று இருப்பவர். செயின்ட் லூயிஸ் அருகிலிருந்து காலை 7 மணிக்குப் புறப்பட்டு, மதியம் 1 மணிக்கு இறக்க நேரம் ஒதுக்கியிருந்த நிலையில் 12:40க்கே சிகாகோ புறநகர்க் கிடங்கின் வாசலில் நின்றார். காவலர் அறையில் பெயர் கொடுத்தார். காத்திருக்கச் சொன்னார்கள். கழிப்பறை கேட்டதற்கு, ஓட்டுநர்களுக்கு இல்லை என்று பதில். மாலை 5:30க்கு இறக்குமேடை எண் கிடைத்தது. வண்டியைப் பின்னால் எடுத்து மேடையோடு ஒட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஃபோர்க்லிஃப்ட் டிரெய்லருக்குள் ஏறும்போதெல்லாம் கேபின் குலுங்கும். எத்தனை பேலட் (சரக்கு அடுக்கிய பலகை) இறங்கியது என்பதை உள்ளே உட்கார்ந்தபடியே அந்தக் குலுக்கலை வைத்து எண்ணிவிடுவார்கள் இவர்கள். பதினொன்று இறங்கியதும் குலுக்கல் நின்றுவிட்டது, ஷிஃப்ட் மாறுகிறதாம். பச்சை விளக்கு எரிந்தபோது மணி 9:10. அவருடைய கடிகாரம் 9 மணிக்கே முடிந்திருந்தது.

சரக்கு இறக்கியதற்கான சீட்டில் கையெழுத்துப் போட்ட எழுத்தர், வந்த நேரம் என்ற இடத்தில் 5:30 என்று எழுதினார். அது மேடை எண் கொடுத்த நேரம். வாசலுக்கு வந்த நேரம் 12:40. திருத்தித் தரும்படி ஓட்டுநர் கேட்டார், மறுத்துவிட்டார்கள். முதல் 2 மணி நேரம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு 50 டாலர் என்று பேசியிருந்தோம். எட்டரை மணி நேரம் நின்றவருக்கு, சீட்டில் உள்ளபடி ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கு மட்டும், சரக்குக்காரருக்கும் எங்களுக்கும் இடையே நிற்கும் தரகர் பணம் கொடுத்தார். வண்டியின் இருப்பிடத்தைக் காட்டும் செயற்கைக்கோள் பதிவை நான் அனுப்பினேன். கிடங்கின் கையெழுத்து இருக்கும் தாளைத்தான் ஏற்போம் என்றார்கள்.

அதோடு முடியவில்லை. இங்கே நிற்கக் கூடாது, உடனே வெளியே போ என்றது கிடங்கு. நேரம் முடிந்த ஓட்டுநர், சரக்கு இறக்கிய இடத்திலிருந்து பக்கத்தில் உள்ள பாதுகாப்பான இடம் வரை மட்டும் போகலாம் என்று 2018இல் அரசு விளக்கம் கொடுத்திருக்கிறது. இரவு 9 மணிக்கு மேல் சிகாகோவைச் சுற்றி அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது? 2019இல் மத்திய அரசு எடுத்த கணக்கின்படி நாடு முழுவதும் லாரி நிறுத்த ஏறத்தாழ 3,13,000 இடங்களே உள்ளன. 11 ஓட்டுநர்களுக்கு ஓர் இடம் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. அவர் நெடுஞ்சாலையில் ஏறும் வளைவின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, விளக்கை மினுக்கவிட்டுக்கொண்டு இரவைக் கழித்தார்.

இப்படி நிறுத்தச் சொன்னதால் உயிரே போயிருக்கிறது. 2009 மார்ச்சில் ஜேசன் ரிவன்பர்க் என்ற ஓட்டுநர் தென் கரோலைனாவில் சரக்கு இறக்க முன்கூட்டியே வந்துவிட்டார். நேரமாகவில்லை என்பதால் உள்ளே விடவில்லை. கைவிடப்பட்ட பெட்ரோல் நிலையம் ஒன்றில் வண்டியை நிறுத்தித் தூங்கினார். அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளிக்குக் கிடைத்தது 7 டாலர். அப்போது அவர் மனைவி இரட்டைக் குழந்தைகளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் விடாமல் போராடியதால்தான் 2012இல் லாரி நிறுத்தங்களுக்கான சட்டப் பிரிவு வந்தது. அது ஜேசன் பெயரிலேயே வழங்குகிறது. அன்று அவரை உள்ளே விட அந்த இடத்துக்கு என்ன செலவாகியிருக்கும் என்று ஒவ்வொரு கிடங்கு மேலாளரும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் சட்டம் உங்கள் வாசல்வரை வந்து நின்றுவிடுகிறது. ஓட்டுநரின் மணி நேரங்களுக்கு மத்திய அரசு வரம்பு வைத்திருக்கிறது. நீங்கள் எவ்வளவு நேரத்தில் இறக்க வேண்டும் என்பதற்கு அப்படியொரு வரம்பு இல்லை. 2 மணி நேரம் இலவசம் என்பது ஊர் வழக்கம், சட்டம் அன்று. 1980இல் லாரித் தொழிலின் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட பிறகு எல்லாமே பேரம்தான். பேரத்தில் ஒற்றை லாரிக்காரரின் குரல் எவ்வளவு எடுபடும் என்பது உங்களுக்கே தெரியும். 1938ஆம் ஆண்டின் கூலிச் சட்டம் மற்றத் தொழிலாளர்களுக்கு வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு கொடுக்கச் சொல்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டும் ஓட்டுநர்களுக்கு அதிலிருந்து விலக்கு. ஆக, உங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்குக் கூடுதல் நேரக் கூலி உண்டு. அவருக்காக வெளியே காத்திருப்பவருக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

நிற்கும் நேரம் சாலையில் செல்லும் உங்கள் குடும்பத்தையும் பாதிக்கிறது. 2018இல் மத்திய போக்குவரத்துத் துறையின் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையில், கிடங்கில் லாரி நிற்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். முழு லோடு ஏற்றும் ஓட்டுநர்கள் ஆண்டுதோறும் இதனால் இழக்கும் வருமானம் 110 கோடி முதல் 130 கோடி டாலர் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இழந்த மைல்களைப் பிடிக்கத் துரத்தும் ஓட்டுநர் எப்படி ஓட்டுவார் என்று விளக்கத் தேவையில்லை. நேரம் முடிந்தும் ஓட்டு என்று அவரை மிரட்டுவது, 2016 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ள விதியின்படி சரக்கு அனுப்புவோருக்கும் பெறுவோருக்கும்கூட அபராதத்துக்குரிய குற்றம். மிரட்டாமலேயே அந்த நிலைக்குத் தள்ளுவதற்கு மட்டும் தண்டனை இல்லை.

உங்கள் பக்கத்துச் சிரமங்களையும் நான் அறிவேன். லாரிகளும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. காலை எட்டுக்கு வர வேண்டியவை நான்கும் பத்து மணிக்கு ஒன்றாக வந்து நின்றால் மேலாளர் என்ன செய்வார்? பேலட் சரிந்து கிடந்தால் கையால்தான் இறக்க வேண்டும். ஆள் கிடைப்பதில்லை. எல்லாம் உண்மை. ஆனால் லாரி தாமதமானால் அபராதத்தை அன்றே கழித்துக்கொள்கிறீர்கள். கிடங்கு தாமதமானால் மாதக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்ப வைக்கிறீர்கள். ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு நியாயம் எதற்கு?

மென்பொருள் எழுதுபவர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். உங்கள் திரையில் வந்த நேரம் என்ற கட்டம், மேடை எண் ஒதுக்கும்போது நிரப்பப்படுவதாக இருந்தால் அதை மாற்றுங்கள். வாசலில் காவலர் வண்டி எண்ணைப் பதியும் நொடியே வந்த நேரமாகட்டும். அதன் நகல் அப்போதே ஓட்டுநரின் கைபேசிக்குப் போகட்டும். சீட்டில் பொய் நேரம் எழுதும் வழக்கத்தை இது ஒன்றே பெருமளவு நிறுத்திவிடும்.

கழிப்பறையைத் திறந்துவிடுங்கள். வந்து நிற்கும் லாரிக்காரர்களுக்குக் கிடங்குகள் கழிப்பறை தர வேண்டும் என்று 2022இல் பிரதிநிதிகள் சபையில் மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது என்பதே நம் தொழிலுக்கு அவமானம். பெண் ஓட்டுநர்கள் இதைப் பற்றி என்னிடம் சொல்வதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்கள் தாமதத்தால் ஒருவரின் கடிகாரம் முடிந்துபோனால், அந்த 10 மணி நேரத்தை அவர் உங்கள் மதிலுக்குள்ளேயே தூங்கிக் கழிக்க விடுங்கள்.

கூலி விஷயத்தை அடுத்த ஒப்பந்தத்திலேயே தொடங்கலாம். இந்தத் தடத்துக்கு வாடகை பேசும்போது கீழ்க்கண்ட வரிகளைச் சேருங்கள். உங்கள் வழக்கறிஞரிடம் காட்டிச் செம்மைப்படுத்திக்கொள்ளுங்கள், ஆனால் நீர்த்துப்போக விடாதீர்கள்:

“வாகனம் வாசலில் பதிவான நேரமே வருகை நேரம். ஒதுக்கிய நேரத்துக்கு முன்னரே வந்தால், ஒதுக்கிய நேரமே வருகை நேரமாகக் கொள்ளப்படும். அதிலிருந்து 2 மணி நேரம் கழிந்ததும், கோரிக்கை எதுவும் இல்லாமலேயே, ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் காத்திருப்புக் கூலி சேரும். அது வாடகையோடு அதே ரசீதில் செலுத்தப்படும். தரகர் வழியாகச் செலுத்தப்பட்டால், முழுத் தொகையும் லாரி உரிமையாளரைச் சேர வேண்டும். ஓட்டுநர் வேறொருவராக இருந்தால் அவருடைய பங்கு எவ்வளவு என்பதும் ரசீதில் குறிக்கப்பட வேண்டும்.”

இப்படிக்கு,
சிகாகோ வட்டாரத்தில் லாரிகளுக்கு லோடு பேசி அனுப்பும் ஒருவர்