கீழ் வீட்டுப் பியானோ

வொயிட் பிளெய்ன்ஸ், நியூயார்க்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் போனில், "பின்னால என்னடா வாத்தியம்?" என்று கேட்டீர்களே, அது கீழ் வீட்டுப் பியானோ. லெனின்கிராடிலிருந்து வந்து குடியேறிய பாட்டி ஒருவர் வாசிக்கிறார். முதல் மாதம் எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது அது நின்றால் வீடே வெறிச்சென்று ஆகிவிடுகிறது.

அவர் அதிகம் வாசிப்பது ராஹ்மானினோவ் என்ற ரஷ்ய இசையமைப்பாளருடையது. அவர் சமாதி இங்கிருந்து ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி, வல்ஹாலாவில் இருக்கிறது என்று பாட்டி சொன்னதும் நம்பவில்லை. நேற்று போய்ப் பார்த்தேன். கென்சிகோ கல்லறைத் தோட்டம். பனி முழங்கால் வரை. ரஷ்யச் சிலுவை ஒன்று, பக்கத்தில் மனைவியும் மகளும். என்னைத் தவிர யாருமில்லை.

1917 டிசம்பரில், ரஷ்யாவில் புரட்சி நடந்த கையோடு, ஸ்வீடனில் கச்சேரி என்று அழைப்பு வந்ததைச் சாக்காக வைத்து மனைவி, இரண்டு மகள்களோடு கிளம்பியவர். பின்லாந்து எல்லையைப் பனிச்சறுக்கு வண்டியில் கடந்தார்களாம். கையில் கொஞ்சம் பணம், சில இசை நோட்டுகள். அப்போது வயது 44. திரும்பிப் போகவே இல்லை. அதுவரை 39 எண்ணிட்ட படைப்புகள் எழுதியவர், மீதி 25 வருஷத்தில் எழுதியது ஆறுதான். சம்பாதிக்க வேண்டுமே, ஊர் ஊராகப் போய் வாசித்தார். வீட்டில் மட்டும் ரஷ்ய வேலையாட்கள், ரஷ்யச் சாப்பாடு. அம்மா அனுப்பிய சாம்பார்ப் பொடியை நான் ஸ்பூன் கணக்கில் செலவழிப்பது ஞாபகம் வந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். அவருடைய முதல் சிம்பொனி (பெரிய வாத்தியக் குழு வாசிக்கும் நீண்ட படைப்பு) 1897-இல் அரங்கேறியபோது படுதோல்வி. அதற்குப் பிறகு மூன்று வருஷம் எழுத வரவில்லை. டால் என்ற டாக்டர் தினமும் உட்காரவைத்துப் பேசியே தேற்றினாராம். குணமாகி எழுதிய இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிப்பது) அந்த டாக்டருக்கே சமர்ப்பணம் செய்துவிட்டார்! தோற்ற சிம்பொனியை மட்டும் ராஹ்மானினோவ் உயிரோடு இருந்தவரை யாரும் திரும்ப வாசிக்கவில்லை. ஆனால் 1940-இல் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் உட்கார்ந்து எழுதிய கடைசிப் படைப்பில், முதல் பகுதி முடியும் இடத்தில், அதே சிம்பொனியின் மெட்டை மெதுவாக வைத்திருக்கிறார். கேட்டவர்கள் யாருக்கும் அது எதுவென்று தெரிந்திருக்காது. 1943-இல் இறந்தார். அதற்குப் பிறகுதான் லெனின்கிராடில் அதை வாசித்த வாத்தியக்காரர்களின் இசைத் தாள்கள் கிடைத்து, 1945-இல் மாஸ்கோவில் அந்தச் சிம்பொனியை மறுபடி வாசித்தார்கள். இதைச் சொல்லும்போது பாட்டி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

வேலை வழக்கம்போல. ஹீட்டர் ஓடிக்கொண்டே இருப்பதால் உதடு வெடிக்கிறது, தேங்காய் எண்ணெய்தான் தடவுகிறேன்.

அடுத்த ஞாயிறு போனை ஜன்னல் பக்கம் வைக்கிறேன், கேளுங்கள். அந்தக் கான்செர்ட்டோவின் ஆரம்பம் தூரத்துக் கோயில் மணி நெருங்கி வருவதுபோல இருக்கும். ஒரே கையில் பத்துக் கட்டை எட்ட வேண்டும். ராஹ்மானினோவுக்குப் பெரிய கை, அதற்கு மேலும் எட்டுமாம். பாட்டிக்குச் சின்னக் கை. அதனால் ஒவ்வொரு மணியும் கொஞ்சம் உடைந்துதான் கேட்கும்.

உங்கள் அன்பு மகன்